தூக்கப் பரிசோதனைக்கு மதுரை போகிறோம்: அங்கே என்ன நடக்கும், ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

#1 தேவிபட்டினம் டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் மண்டபத்தில் விசைப்படகு டிரைவர். ஐம்பதைத் தாண்டிவிட்டார். இரத்த அழுத்தத்துக்கு மூன்று வகை மாத்திரை போட்டும் அளவு இறங்கவில்லை. ராமநாதபுரத்தில் எப்போதும் பார்க்கும் மருத்துவர் இந்த முறை மாத்திரையை மாற்றாமல், என்னைப் பார்த்து, "குறட்டை விடுவாரா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவரே சிரித்துவிட்டார். இன்ஜின் சத்தத்தையும் மீறி இவர் குறட்டை கேட்கிறது என்று படகில் கேலி செய்வார்களாம். கேலிக்கு நடுவே ஒரு பையன் சொன்னதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது: "அண்ணே, குறட்டை திடீரென்று நின்றுபோகிறது. மூச்சும் இல்லை. எழுப்பலாமா என்று நாங்கள் யோசிக்கும்போது உடம்பைத் தூக்கிப்போட்டு ஓர் இழுப்பு இழுக்கிறீர்கள்."

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோயாக (ஸ்லீப் அப்னியா) இருக்கலாம், மதுரையில் ஓர் இரவு தங்கித் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்கிறார் மருத்துவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். இவரைக் கரையில் பிடித்துவைக்க இதை விட்டால் வேறு நேரம் கிடையாது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள். புது இடத்தில் தூக்கமே வராவிட்டால் பணம் வீணா? ரிசல்ட் எப்போது தருவார்கள், அதை யார் விளக்குவார்கள்? வீட்டிலேயே செய்துகொள்ளும் பரிசோதனை ஒன்று இருக்கிறதாமே, அது போதாதா?

#2 கீழக்கரை காக்கா

தங்கச்சி, பயப்பட ஒன்றும் இல்லை. ஊசி கிடையாது, வலி கிடையாது. மானம்தான் கொஞ்சம் போகும்.

இரவு எட்டு மணிவாக்கில் வரச் சொல்வார்கள். கழுத்துச் சுற்றளவை டேப் வைத்து அளப்பார்கள். ஒரு கேள்வித்தாள் தருவார்கள்: எட்டுச் சூழ்நிலைகள், ஒவ்வொன்றிலும் தூங்கிவிழும் வாய்ப்பு எவ்வளவு என்று பூஜ்யம் முதல் மூன்று வரை போடவேண்டும். மொத்தம் பத்துக்கு மேல் போனால் பகல் தூக்கம் அதிகம் என்று பொருள். அதில் ஒரு கேள்வி, பிற்பகலில் படுத்தால் தூக்கம் வருமா என்பது. மே மாதத்தில் கீழக்கரையில் உட்கார்ந்துகொண்டு அதற்கு யார் பூஜ்யம் போட முடியும்?

அப்புறம் ஒயர்கள். டெக்னீஷியன் தம்பி தலையை டேப்பால் அளந்து பென்சிலால் புள்ளி வைத்தார். ஒவ்வொரு புள்ளியையும் மணல் கலந்தது போன்ற ஒரு பசையால் தேய்த்துவிட்டு மின்முனையை ஒட்டினார். கண்ணோரம் இரண்டு, தாடையில், நெஞ்சில், இரண்டு கெண்டைக்காலிலும் ஒட்டினார். மார்புக்கும் வயிற்றுக்கும் தனித்தனிப் பட்டை; மூக்கில் சின்னக் குழாய்; விரலில் சிவப்பு விளக்குக் கிளிப். எல்லா ஒயரும் ஒரு கைப்பெட்டியில் போய்ச் சேர்கின்றன. வலையில் சிக்கிய சிங்கி இறால் போலக் கிடந்தேன்.

விளக்கை அணைத்த பிறகு சுவரிலிருந்த ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. தலையை அசைக்காமல் வலப்பக்கம் பாருங்கள், இடப்பக்கம் பாருங்கள், ஐந்து முறை கண்ணைச் சிமிட்டுங்கள், பல்லைக் கடியுங்கள், மூச்சைப் பிடியுங்கள், கால் விரலை மடக்குங்கள் என்று வரிசையாகச் சொன்னார். ஒவ்வொரு ஒயரும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். சிறுநீர் வந்தால் சும்மா வாய்விட்டுக் கூப்பிட்டால் போதும், அறையில் மைக் இருக்கிறது. அவர் வந்து கைப்பெட்டியைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிவிடுவார், போய் வரலாம்.

மாப்பிள்ளையிடம் முக்கியமாகச் சொல்லவேண்டியது: அன்று தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது. நல்லெண்ணெய்த் தலையோடு போனால் ஒன்றும் ஒட்டாது. மதியத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். பகலில் குட்டித் தூக்கமும் வேண்டாம். வழக்கமான மாத்திரைகளை எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே மருந்துக்கடை தேடி அலைய முடியாது.

#3 பாம்பன் நாட்டுப்படகு

நான் வீட்டுப் பரிசோதனை செய்துகொண்டவன். கருவியை ஒருவர் கொண்டுவந்து கொடுத்து, எப்படிக் கட்டுவது என்று கைபேசியில் படம் காட்டிவிட்டுப் போய்விட்டார். மார்பில் ஒரு பட்டை, மூக்கில் குழாய், விரலில் கிளிப், அவ்வளவுதான். அன்று இரவு மின்சாரம் போனது. மின்விசிறி நின்றதும் நான் எழுந்து வாசலில் வந்து உட்கார்ந்தேன். மறுபடி படுத்தபோது கிளிப் விரலில் இருந்ததா என்று நினைவில்லை. சில நாட்கள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் வந்தது: ஏ.எச்.ஐ. 4.8, இயல்பு. யாரும் கூப்பிட்டுப் பேசவில்லை. நான் இன்னமும் காலையில் தலைவலியோடுதான் எழுந்திருக்கிறேன். இது என்ன கணக்கு?

#4 இரவுப்பணி (தொண்டி)

நான் தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக வேலை பார்த்திருக்கிறேன். மருத்துவர் இல்லை, கணக்கு எப்படி வருகிறது என்பது மட்டும் தெரியும்.

மூச்சு பத்து விநாடியாவது நின்றால் ஒரு தடை. முழுதும் நிற்காமல் கணிசமாகக் குறைந்து, கூடவே ஆக்சிஜனும் இறங்கினால், அல்லது மூளை ஒரு கணம் விழித்துக்கொண்டால், அது அரைகுறைத் தடை. இரண்டையும் கூட்டி, தூங்கிய மணி நேரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் ஏ.எச்.ஐ. ஐந்துக்குக் கீழே இயல்பு. 5 முதல் 15 வரை லேசு. 15 முதல் 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமை.

பாம்பன் அண்ணனுக்கு வருகிறேன். வீட்டுக் கருவியில் மூளை அலை பதிவாவதில்லை. நீங்கள் தூங்குகிறீர்களா, வாசலில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறீர்களா என்று அதற்குத் தெரியாது. பதிவு ஓடிய நேரம் முழுவதையும் வைத்து வகுத்துவிடும். எட்டு மணி நேரம் ஓடியது, அதில் நான்கு மணி நேரம்தான் தூங்கினீர்கள், தடைகள் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கருவி 5 என்று சொல்லும். கூடத்தில் செய்திருந்தால் அதே இரவு 10. உங்கள் 4.8-ஐ இயல்பு என்று அடித்து மூடியவர் அன்று மின்சாரம் போனதைக் கேட்டாரா? அறிகுறி இருக்கும்போது வீட்டுப் பரிசோதனை "இல்லை" என்று வந்தால் கூடத்தில் ஓர் இரவு பார்க்கவேண்டும் என்பதுதான் முறை. அது "இருக்கிறது" என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம்.

டீச்சர் அக்கா, ரிசல்ட் தாமதம் பற்றிக் கேட்டீர்கள். இரவு முழுவதும் பதிவானதை 30 விநாடித் துண்டுகளாக வெட்டி ஒருவர் உட்கார்ந்து பார்க்கவேண்டும். ஏழு மணி நேரத் தூக்கம் என்றால் 840 துண்டுகள். ஒவ்வொன்றிலும் எந்த நிலைத் தூக்கம், மூச்சு எங்கே நின்றது, கால் உதறியதா என்று குறித்தாகவேண்டும். பிறகு மருத்துவர் படித்துக் கையெழுத்துப் போடுவார். காலையில் ஒயரைக் கழற்றும் கையோடு அச்சடித்துத் தருகிறார்கள் என்றால், மென்பொருள் தானாகப் போட்ட கணக்கை யாரும் சரிபார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். காத்திருப்பது நல்லது.

தூக்கம் வராதோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. முதல் இரவில் குறைவாகத்தான் தூங்குவார்கள், அதை எதிர்பார்த்துத்தான் படிக்கிறோம். உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் எனக்கு வேறு கவலை. விசைப்படகுக்காரர்கள் இரவெல்லாம் வலை இழுத்துவிட்டுக் காலையில் கரையேறித் தூங்குகிறவர்கள். தடைக்காலம் தொடங்கிய மறுநாளே அழைத்துப்போகாதீர்கள். இரவுத் தூக்கம் பழகட்டும். எப்போது படுத்தார், எப்போது எழுந்தார் என்று ஒரு நோட்டில் எழுதி அதையும் கொண்டுபோங்கள்.

#5 ஏர்வாடி உம்மா

ஆண்கள் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தால் இது ஆண்களின் நோய் என்று நினைத்துவிடுவார்கள். எனக்குக் குறட்டை பெரிதாக இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு தூக்கம் துண்டு துண்டாகப் போனது. சிறுநீருக்கு எழுந்துகொண்டே இருப்பேன், பகலில் உடம்பு ஓய்ந்து கிடக்கும். கவலை, மனச்சோர்வு என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவர்தான் இந்தப் பரிசோதனைக்கு எழுதினார். நடுத்தரம் என்று வந்தது. என் தடைகளில் பெரும்பாலானவை கனவு காணும் தூக்கத்தில்தான். மொத்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

பெண்களுக்கு இரண்டு விஷயம். பதிவு செய்யும்போதே பெண் டெக்னீஷியன் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டவேண்டும், அறையில் இரவு முழுவதும் கேமரா ஓடும். எனக்கு ஒரு பெண்தான் இருந்தார். ஒட்டி முடித்ததும் தலையில் தளர்வாகத் துப்பட்டா போட்டுக்கொள்ளவும் விட்டார். அடுத்தது மருதாணி. பேத்தி காதுகுத்துக்குப் போட்டது, விரல் நுனியெல்லாம் கருஞ்சிவப்பு. கிளிப்பின் வெளிச்சம் அதில் சரியாக ஊடுருவவில்லை போலிருக்கிறது, எண் வருவதும் போவதுமாக இருந்தது. அந்தப் பெண் அதைக் கழற்றிக் காது மடலில் ஓர் உணரியை மாட்டினார். நகப்பூச்சும் அப்படித்தான் என்றார்.

#6 சாயல்குடி லாரி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பு ஏற்றிப் போகிறவன் நான். ஸ்டியரிங்கில் கண் சொருகுகிறது என்று என் வீட்டில் இந்தப் பரிசோதனைக்குப் போகச் சொல்லி நச்சரிக்கிறார்கள். போய், "கடுமை" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் முதலாளி வண்டியைத் தருவாரா? தெரியாமலே இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் தோன்றுகிறது.

#7 கீழக்கரை காக்கா

தம்பி, கண் சொருகுவது முதலாளிக்குத் தெரியாவிட்டாலும் எதிரே வரும் பஸ்ஸுக்குத் தெரிந்துவிடும். இதற்கென்று முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்துவைக்கும் கருவி இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு ஒழுங்காகத் தூங்குகிற டிரைவரால் வண்டி ஓட்ட முடியும். இதற்கு மேல் உங்களுக்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன், வருத்தப்படுவீர்கள்.

#8 நெறியாளர்

தூக்கக் கருவி விற்பதாகச் சொல்லி இங்கே இடப்பட்ட இரண்டு பதிவுகளையும் அவற்றிலிருந்த தொலைபேசி எண்களையும் நீக்கியிருக்கிறோம். விற்பனைக்கு இந்த இழையில் இடமில்லை.

#9 பாம்பன் நாட்டுப்படகு

நீக்கியது நல்லது. எனக்கு வீட்டுப் பரிசோதனை செய்தவரே கருவியும் விற்கிறவர் என்று பின்னால்தான் தெரிந்தது. எனக்கு இயல்பு என்று வந்ததால் பேச்சில்லை. என் மச்சானுக்கு அதே ஆள் செய்தபோது, மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கருவியின் விலைப்பட்டியல் வந்துவிட்டது.

#10 இரவுப்பணி (தொண்டி)

அதனால்தான் சொல்கிறேன்: பரிசோதனையை யார் செய்தாலும், படித்துக் கையெழுத்துப் போட்ட மருத்துவர் யார் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்து இல்லாத தாளை வைத்துக்கொண்டு கருவி வாங்காதீர்கள்.

#11 பெரியபட்டினம் ஹவில்தார்

முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். மூலம் கருவி பெற, சிறப்பு மருத்துவரின் பரிந்துரையோடு தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட்டும் வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். திட்டத்திலும் இப்படித்தான், தொகைக்கு உச்சவரம்பு உண்டு. முதலில் வாங்கிவிட்டுப் பிறகு பில்லை நீட்டலாம் என்று போகாதீர்கள். அனுமதி முன்னால், கருவி பின்னால்.

#12 தேவிபட்டினம் டீச்சர்

போய் வந்துவிட்டோம். காக்கா சொன்னபடி எண்ணெய் வைக்காமல்தான் போனார். பசையை எடுக்கத்தான் வெந்நீரும் ஷாம்பூவுமாகப் பெரும்பாடு பட்டோம். நள்ளிரவுக்கு மேல் எழுப்பி மூக்கில் முகமூடி மாட்டினார்களாம்.

ரிப்போர்ட்டை ஓர் உறையில் போட்டுக் கவுண்டரில் கொடுத்தார்கள். "கடுமை, மிஷின் வாங்கவேண்டும்" என்றார் அங்கிருந்த பெண். என்ன மிஷின், என்ன அளவு என்று கேட்டால், "உள்ளே எழுதியிருக்கிறது, அடுத்தவர்" என்கிறார். இத்தனை பக்கங்களையும் இங்கிலீஷில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் உட்காரவைத்துச் சொல்ல ஒருவர் இல்லையா? மருத்துவர் தேதி அடுத்த வாரம்தான். அதுவரை இந்த உறையை வைத்துக்கொண்டு இரவெல்லாம் நான் விழித்திருக்கிறேன், அவர் நன்றாகக் குறட்டை விடுகிறார்.

எண்கள் இவை: ஏ.எச்.ஐ. 46. மல்லாந்து படுத்தபோது 61. ஆக்சிஜன் மிகக் குறைந்தது 71 சதவீதம். 90-க்குக் கீழே இருந்தது தூக்க நேரத்தில் 18 சதவீதம். "சென்ட்ரல்" என்ற வரிசையில் 2. அது என்ன? புற்றுநோய் வார்டு எழுத்து மாதிரி பயமுறுத்துகிறது.

#13 இரவுப்பணி (தொண்டி)

அக்கா, அந்த 2-ஐப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது சின்னதாக இருப்பது நல்ல செய்தி. தொண்டை மூடிக்கொண்டு மூச்சு நின்றால், மார்பும் வயிறும் காற்றை இழுக்கப் போராடிக்கொண்டே இருக்கும். அந்த இரண்டு பட்டைகளும் அசையும். மூளையே கட்டளை அனுப்பாமல் விட்டால் பட்டைகளும் அசையாது. இரண்டாவது வகையைத்தான் சென்ட்ரல் என்று போடுகிறார்கள். அது நிறைய இருந்தால் இதயத்தை, சில மருந்துகளை எல்லாம் ஆராயவேண்டியிருக்கும். அவருக்குத் தொண்டை வகைதான்.

46 கடுமைதான், சந்தேகமில்லை. மூன்று மாத்திரைக்கும் அடங்காத இரத்த அழுத்தத்துக்கு அடியில் இது இருப்பது அடிக்கடி பார்ப்பதே. அதற்காக மாத்திரையை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். ஏ.எச்.ஐ.-யை விட, 90-க்குக் கீழே கிடந்த நேரத்தைப் பற்றி மருத்துவரிடம் அதிகம் பேசுங்கள் என்பேன். தடைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும் இருவரில் ஒருவருக்கு ஆக்சிஜன் கொஞ்சம் இறங்கி ஏறும். மற்றவருக்கு அடியில் போய்த் தங்கிவிடும்.

நள்ளிரவில் முகமூடி மாட்டியது, முன்னிரவிலேயே கடுமை தெரிந்துவிட்டதால். மீதி இரவில் காற்றழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, எந்த அளவில் மூச்சு சீராகிறது என்று பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் அழுத்தம் வாரியாக ஓர் அட்டவணை இருக்கும். அதில் கடைசியாகப் பரிந்துரைத்த அளவில் அவர் மல்லாந்து படுத்து, கனவுத் தூக்கத்திலும் இருந்தாரா என்று பாருங்கள். தொண்டை மிக மோசமாக மூடுவது அந்த நிலையில்தான். அதைப் பார்க்காமல் குறித்த அழுத்தம் குறைவாக இருக்கலாம்.

#14 தேவிபட்டினம் டீச்சர்

பார்த்தேன். 9 என்று பரிந்துரை. அந்த 9-ல் கனவுத் தூக்கம் பூஜ்யம் நிமிடம். அப்படியானால் இன்னோர் இரவு போகவேண்டுமா?

#15 கீழக்கரை காக்கா

வேண்டாம் தங்கச்சி. தானாக அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிகள் இப்போது சாதாரணம். என்னுடையது அதுதான். 4-லிருந்து 20 வரை அதற்கு இடமுண்டு; மருத்துவர் அதற்குள் ஒரு கீழ் எல்லையும் மேல் எல்லையும் வைத்துக் கொடுப்பார். எந்த இரவில் எவ்வளவு தேவை என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்கிறது. இன்னோர் இரவு, இன்னொரு பில் எதற்கு?

#16 இரவுப்பணி (தொண்டி)

காக்கா சொல்வது பெரும்பாலானவர்களுக்குச் சரி. இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், சென்ட்ரல் வகை அதிகம் உள்ளவர்கள், இவர்களுக்குத் தானியங்கிக் கருவியை அப்படியே மாட்டிவிடக்கூடாது. டீச்சர் அக்காவின் கணவருக்கு எக்கோ எடுத்திருந்தால் அந்த அறிக்கையையும் சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். முடிவு அவருடையது. "9-ல் கனவுத் தூக்கம் பதிவாகவில்லையே, என்ன செய்யலாம்?" என்று நேராகவே கேளுங்கள். இப்படி ஒரு கேள்வி வந்தால் எந்த மருத்துவரும் உறையை மூடிவைத்துக்கொண்டு பேசமாட்டார்.

#17 சாயல்குடி லாரி

பரமக்குடிக்கு இந்தப் பக்கம் எங்கேயாவது இந்தக் கூடம் இருக்கிறதா? மதுரை என்றால் இரண்டு நாள் லோடு நடை போய்விடும். (காக்கா, வருத்தமில்லை.)

#18 ஏர்வாடி உம்மா

தம்பி, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நுரையீரல் பிரிவிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் முதலில் காட்டுங்கள். அங்கிருந்து எங்கே அனுப்புகிறார்களோ அங்கே போங்கள். எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தால் மதுரையில் வாசல் வாசலாகக் கேட்டு நிற்கவேண்டியதில்லை. மறுநாள் காலையில் நீங்களே வண்டியை எடுக்காதீர்கள். ரயிலிலோ பஸ்ஸிலோ திரும்புங்கள். ஒயரைக் கழற்றி ஐந்தரைக்கே எழுப்பிவிட்டுவிடுகிறார்கள்.

#19 தேவிபட்டினம் டீச்சர்

மருத்துவரைப் பார்த்துவிட்டோம். கேள்வியைக் கேட்டதும் அட்டவணையைத் திறந்து பார்த்தார். தானியங்கிக் கருவி, 7 முதல் 14 வரை என்று எழுதிக் கொடுத்தார். மீண்டும் வரும்போது கருவியின் நினைவட்டையைக் கொண்டுவரச் சொன்னார். எத்தனை மணி நேரம் போட்டார், காற்று எங்கே கசிந்தது என்றெல்லாம் அதில் தெரியுமாம். மீசை முகமூடியில் இடித்தது, அதனால் மூக்குத்துளையில் வைக்கும் சின்ன வகையைக் கொடுத்திருக்கிறார்கள். மீசையை எடுக்கலாமே என்று நான் சொன்னதற்கு வீட்டில் அரை நாள் பேச்சில்லை.

இப்போது இரண்டு சந்தேகம். கருவியில் ஈரப்பதத்துக்குத் தண்ணீர் ஊற்றும் தொட்டி இருக்கிறது. எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. காவிரிக் குடிநீரைக் கொதிக்கவைத்து ஊற்றலாமா? அடுத்து, ஜூன் 15-க்கு மேல் கடலுக்குப் போவார். படகில் எப்படி?

#20 கீழக்கரை காக்கா

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு சாகாது. தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். காய்ச்சி வடித்த நீரை மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். தினமும் காலையில் மிச்சத்தைக் கொட்டித் தொட்டியைக் காயவையுங்கள். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் போதாதா என்று நான் பாதி மாதம் தொட்டியில் தண்ணீரே ஊற்றுவதில்லை. மூக்கு வறண்டால் மட்டும் ஊற்றுகிறேன்.

படகில் விசைப்படகுக்காரர் எத்தனை மணி நேரம் தூங்குவார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு மணி நேரமானாலும் போட்டுக்கொள்ளட்டும். கருவியை நேராக பேட்டரியில் செருகாதீர்கள். அந்தந்த மாடலுக்கு பேட்டரியில் மாட்டும் மாற்றி தனியாக விற்கிறார்கள். சூடேற்றும் தொட்டிதான் மின்சாரத்தைக் குடிக்கிறது, கடலில் அதை அணைத்துவிடச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் தெறிக்காத இடமாகப் பார்த்துக் கட்டிவைக்கவேண்டும். காற்றை உள்ளே இழுக்கும் பக்கத்தில் சின்ன வடிகட்டி இருக்கிறது, கரைக்கு வந்ததும் அதைப் பாருங்கள்.

#21 பாம்பன் நாட்டுப்படகு

டீச்சர், படகு பேட்டரி 12 வோல்ட்டா, 24-ஆ என்று முதலில் அண்ணனிடம் கேளுங்கள். பெரிய படகுகளில் 24 இருக்கும். நானும் கூடத்தில் ஓர் இரவு பதிவு செய்துவிட்டேன், வெள்ளிக்கிழமை.

#22 தேவிபட்டினம் டீச்சர்

24 என்கிறார். அந்த மாற்றி ராமநாதபுரத்தில் கிடைக்குமா?

#23 கீழக்கரை காக்கா

கருவி வாங்கிய கடையிலேயே கேளுங்கள். மாடல் எண், 24 வோல்ட் இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள், பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுக்க வசதி.